ஒதுங்கி நிற்கும் பாட்டு

பாட்டு அறுந்துபோனால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தாது. அறுவதில்லை, தாழ்ந்துகொள்கிறது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு புல்லாங்குழல் படியேறுவதுபோல் ஏறிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துக் குடும்பக் குழுவிலோ தெருக்காரர்கள் குழுவிலோ யாராவது ஒருவர், பனித்துளி உட்கார்ந்த ரோஜாவின் மேல் ‘இனிய காலை வணக்கம்’ எழுதி அனுப்புவார். காதில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். அது வருவதற்குள் குழல் தன் குரலை இறக்கிக்கொண்டு ஓரமாகப் போய்விடும். சத்தம் கடந்ததும், ‘போய்ட்டாங்களா?’ என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவதுபோல மெல்லப் பழைய உயரத்துக்குத் திரும்பும். மொத்தம் ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு. பல வருடங்கள் இதை நான் கவனித்ததே இல்லை. கவனித்த நாளிலிருந்து வேறெதையும் கவனிக்க முடியவில்லை. எங்கள் ஊரில், தாத்தா காலத்தில், பெரிய வீட்டுக்காரர் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவோரமாக நிற்க வேண்டும். அப்படி நின்றவர்களில் தாத்தாவும் ஒருவர். அப்பா அதைச் சிரித்துக்கொண்டே நடித்துக் காட்டுவார். சிரிப்பு முடிந்த பிறகும் அவருடைய தோள் கொஞ்ச நேரம் குறுகியே இருக்கும். குழல் தாழும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோள்தான் நினைவுக்கு வருகிறது. யாரோ அனுப்பிய ரோஜாப்பூவுக்காக இந்தக் குழல் எதற்குத் துண்டை எடுக்க வேண்டும்?

இதற்கு ஒரு பெயர் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. ஒலிப்பொறியாளர்கள் ‘டக்கிங்’ என்கிறார்கள். நிலைப்படி இடித்துவிடாமல் தலையைக் குனிகிறோமே, அந்தக் குனிதல். வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் பேச வரும்போது இசையை இறக்குவதும் இதே பெயரில்தான் நடக்கிறது. ஆனால் அங்கே இறக்குவதற்கு ஒரு ஆள் இருந்தார். போனுக்குள் ஆள் இல்லை. எந்தச் செயலிக்கு இப்போது ஒலிக்கும் உரிமை என்று ஒரு பஞ்சாயத்து மட்டும் ஓயாமல் நடக்கிறது. உரிமை கேட்டுப் புதிதாக ஒரு சத்தம் வந்தால் ஏற்கெனவே ஒலிப்பது குனிய வேண்டும். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், தானாகக் குனியத் தெரியாத செயலியின் தலையைப் போனே பிடித்து அமுக்கிவிடுகிறது. இன்னொரு விஷயம்: பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் எல்லாச் சத்தங்களும் ஒரே அண்டாவில் கலந்த பிறகுதான் காதுக்கு வருகின்றன. குறுந்தகடு ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து வைத்திருக்கும். போனின் அண்டாவுக்கு வழக்கமாக 48,000 என்பதுதான் தோதான கணக்கு. ஆகவே குழல் அந்தக் கணக்குக்கு மறுபடி நறுக்கப்பட்டு, ‘டிங்’கோடும் பேட்டரி குறைந்த எச்சரிக்கையோடும் ஒரே கரண்டியால் கிண்டப்படுகிறது. தனி மியூசிக் பிளேயர்களின் பக்தர்கள் போன் மீது சாட்டும் குற்றங்களில் இது முக்கியமானது. ஐம்பத்திரண்டு வயதுக் காதுக்கு அந்த நறுக்கல் கேட்குமா? சோதித்துப் பார்த்துவிட்டேன். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ள, என் மகள் ஒரே இயர்போனை மாற்றி மாற்றிச் செருகி, ஒரே பாட்டைப் போனிலும் பிளேயரிலும் போட்டாள். பத்துத் தடவையில் ஆறு தடவை சரியாகச் சொன்னேன். பூவா தலையா போட்டிருந்தாலும் ஐந்து வந்திருக்கும். “பாஸ் மார்க்குப்பா” என்றாள். ஒலித்தரத்துக்காகத்தான் தனியாக ஒன்று வாங்கினேன் என்று நான் யாரிடமாவது சொல்லியிருந்தால் அது பொய். நாலைந்து பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

வாங்கியது சென்னை ரிச்சி தெருவில். அலுவலக வேலையாகப் போனவன் வெயில் தாழ்ந்தபின் அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். காலடியில் ஒயர்த் துண்டுகள், பற்றவைக்கும் ஈயத்தின் வாடை, நடுவில் கரும்புச்சாறு இயந்திரத்தின் மணி. மூன்று கடைகளில் “அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்” என்றார்கள். நான்காவது கடைக்காரர் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி, தூசியை முழங்கையால் துடைத்துக்கொண்டே, “எதுக்கு சார் இது? போன்லயே எல்லாம் வருதே” என்றார். வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு அவருக்கு உண்மையான சந்தேகம். “போன் வராம இருக்கத்தான்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “ஏரோப்ளேன் மோடுல போட்டுட்டா முடிஞ்சது. அதுக்குப் பத்தாயிரமா?” அவருக்குச் சொல்லும்படியான பதில் இன்றுவரை என்னிடம் இல்லை. ஏரோப்ளேன் மோடு ஒரு கதவு. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. தட்டுகிறவர்களை நிறுத்திவிடலாம், ஆனால் உள்ளே இருக்கும் நான் எழுந்துபோய்த் திறந்துவிடுவேன். இரண்டு பாட்டுக்கு மேல் என்னால் தாங்க முடிந்ததில்லை. ‘ஏதாவது வந்திருக்குமோ’ என்ற அரிப்பு கட்டைவிரலின் நுனியில்தான் தொடங்குகிறது. பிளேயரில் கதவே கிடையாது. நாலு பக்கமும் சுவர். மூன்று தீப்பெட்டியை அடுக்கிய அளவு, ஓரத்தில் ஒரு திருகு, அதைத் திருகினால் விரலுக்குள் சின்னச் சின்னதாகக் ‘க்ளிக்’ நடக்கும். மேலே இயர்போன் துளை. 2016-இல் ஐபோனிலிருந்து அந்தத் துளையை எடுத்தபோது அதைத் துணிச்சல் என்று மேடையிலேயே சொல்லிக்கொண்டார்கள். பின்னாலேயே மற்றவர்களும் துணிந்தார்கள். இப்போது ஒரு பொருளில் வெறும் ஓட்டை இருக்கிறது என்பதற்காகவே எனக்கு அதன்மேல் பிரியம் வருகிறது.

சாத்தூரில், எண்பதுகளின் கடைசியில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பாட்டுப் பதியும் கடை ஒன்று இருந்தது. நோட்டில் ஒரு தாளைக் கிழித்து இருபது பாட்டு எழுதிக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடை அண்ணாச்சி தாளை வாங்கிப் படிப்பதே ஒரு பரீட்சை. நாலாவதையும் ஏழாவதையும் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். “ஏலே, இந்த ரெண்டும் அடுத்தடுத்து வந்தா கேக்க முடியாதுடே. நடுவுல ஜானகி ஒண்ணு வைக்கேன்” என்று பேனாவால் மாற்றி எழுதுவார். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். பாட்டு ஒன்று நாலரை நிமிடம் என்றால் சரியாகப் பத்து. ஆனால் பாட்டுகள் அப்படி அளவெடுத்துப் பிறப்பதில்லை. பக்கத்தின் கடைசியில் இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ மிஞ்சும். அண்ணாச்சி அங்கே ஏதாவது படத்தின் பின்னணி இசையைப் போட்டு நிரப்புவார். சிலசமயம் ஒரு பாட்டைப் பல்லவியோடு நட்டாற்றில் விட்டுவிடுவார். அப்படிப் பாதியில் விடப்பட்ட ஒரு பாட்டின் முழு வடிவத்தை இருபது வருடம் கழித்துக் கேட்டபோது, சரணம் யாரோ வம்பாகச் சேர்த்த இடைச்செருகல்போல இருந்தது. எனக்கு அந்தப் பாட்டு பல்லவியில் முடிகிறது. முடிந்ததும் டேப்ரிக்கார்டரின் பொத்தான் ‘டக்’ என்று தானாக மேலெழும்பும். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததில் ஒரு மின்விசிறி சுற்றும், பக்கத்து வீட்டில் அம்மி அரைபடும், கடைசிப் பாட்டின் கடைசி வரி அறைக்குள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். எழுந்துபோய்க் கேசட்டைப் புரட்டிப் போட வேண்டும். போடாமலும் இருக்கலாம். பேட்டரி இறங்கிவிட்டால் பாலசுப்ரமணியத்தின் குரல் கனத்து, இழுத்து, தூக்க மாத்திரை போட்டவர் பாடுவதுபோல ஆகும். பேட்டரியை எடுத்து மொட்டைமாடியில் வெயிலில் காயவைத்தால் இன்னும் ஒரு பக்கத்துக்கு உயிர் வரும் என்று நம்பினோம். வரவும் செய்தது.

போனில் பாட்டு முடிவதே இல்லை. நான் கேட்ட பாட்டுக்குப் பின்னால், எனக்குப் பிடிக்கும் என்று அது நினைக்கிற பாட்டு வருகிறது. கொடுமை என்னவென்றால் பெரும்பாலும் பிடித்துவிடுகிறது. அண்ணாச்சியும் இதைத்தான் செய்தார், ஜானகியை நடுவில் வைத்தார் என்று ஒருவர் வாதிடலாம். அண்ணாச்சியோடு சண்டை போட முடிந்தது என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை. அவர் வைத்த ஒரு பாட்டைப் பிடிக்கவில்லை என்று கேசட்டைத் திருப்பிக் கொண்டுபோயிருக்கிறேன். “ஆறு மாசம் கழிச்சு வந்து சொல்லு” என்றார். ஆறு மாதம் கழித்துப் பிடித்திருந்தது; வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்துவிட்டேன்.

இங்கே ஒரு அழுக்கையும் சொல்லிவிட வேண்டும். பிளேயருக்குள் கிடக்கும் 212 பாட்டில் நான் காசு கொடுத்து வாங்கியவை முப்பதுகூடத் தேறாது. மீதியெல்லாம் ஒரு காலத்தில் நடைபாதையில் வாங்கிய எம்பி3 சிடிகளிலிருந்து வந்தவை. ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு, அட்டையில் படத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு நடிகை. அப்புறம் செல்போன் கடைகளில் ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று அட்டை தொங்கிய காலம். நகக்கண் அளவுக் கார்டைக் கொடுத்து, “இளையராஜா ஹிட்ஸ் போடு தம்பி” என்றால், ஒரு டீ குடித்து வருவதற்குள் நானூறு பாட்டு. சில பாட்டுகளின் பெயருக்குப் பின்னால் திருட்டு இணையதளத்தின் பெயர் இன்னமும் வாலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. படத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ட்ராக் 07’. அண்ணாச்சியின் கடையும் சட்டப்படி பார்த்தால் இதே கணக்குதான். மாதச் சந்தா கட்டிப் போனில் கேட்டால் பாடியவருக்கோ இசைத்தவருக்கோ சில பைசாவாவது போகலாம். தூய்மையாகக் கேட்பதற்கென்று நான் வாங்கிய பெட்டி முழுக்கத் திருட்டுச் சாமான். போனைப் பற்றி முகம் சுளிக்கும்போதெல்லாம் இது ஞாபகத்துக்கு வருகிறது. வந்தாலும் முகம் சுளிப்பது குறைவதில்லை.

‘பாட்டுக்கு மட்டும்’ என்று ஒரு பொருள் எங்கள் வீட்டில் எப்போது இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். டிரான்சிஸ்டரில் பாட்டு வந்தது, செய்தியும் வந்தது, தேர்தல் முடிவும் வந்தது. இலங்கை வானொலியில் பாட்டின் முன்னிசை மேலேயே அறிவிப்பாளர் நேயர்களின் பெயர்களை வாசிப்பார். பல பாட்டுகளின் முன்னிசையை ஊர்ப்பெயர்கள் இல்லாமல் இன்றைக்கும் என்னால் நினைக்க முடியாது. கல்யாண வீட்டில் புளியமரத்து உச்சியில் கட்டிய குழாயில் பாட்டு ஓடும். நடுவில் மைக் செட்காரர் முள்ளைத் தூக்கிவிட்டு, இன்னார் மகன் இன்னார் மொய் நூற்றி ஒன்று என்பார், மஞ்சள் சட்டை போட்ட மூன்று வயதுப் பையன் ஒருவன் பந்தலில் அழுதுகொண்டு நிற்கிறான் என்பார், பந்தி ஆரம்பம் என்பார். அப்புறம் முள்ளை அதே பாட்டின் மேல் ஏறக்குறைய விட்ட இடத்தில் வைப்பார். ஒரு வரி போயிருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பையனுடைய அம்மா பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஓடிவருவதை நான் பார்த்திருக்கிறேன். பாட்டு அன்றைக்கும் தலைகுனியத்தான் செய்தது. பார்க்கப்போனால் தலையையே வெட்டினார்கள். அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. குனிந்தது மொய்க்கும், பந்திக்கும், காணாமல்போன பிள்ளைக்கும் என்பதாலா? மொய் நூற்றி ஒன்று என்பதும் ரோஜாப்பூவும் அப்படியொன்றும் தூரமில்லை. இரண்டும் ‘நான் இருக்கிறேன்’ என்ற தகவல்தான். ஒருவேளை என் உறுத்தல் பாட்டுக்காக இல்லையோ என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது அந்த இடத்தில்தான். ஒற்றை ஆளாகக் காதை அடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, வேறொன்றும் செய்யாமல் பாட்டுக் கேட்பது எனக்கு யார் சொல்லிக்கொடுத்த பழக்கம்? அம்மாவோ அப்பாவோ ஒருநாளும் அப்படிக் கேட்டவர்கள் இல்லை.

அந்தப் பழக்கத்துக்குப் பிறந்த தேதி ஏறக்குறைய உண்டு. சோனியின் முதல் வாக்மேன் 1979 ஜூலை 1-ஆம் தேதி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 33,000 யென். நீலமும் வெள்ளியுமான அந்தப் பெட்டியில் பதிவுசெய்ய வழியில்லை, வெளியே கேட்க ஸ்பீக்கர் இல்லை. ஆனால் இயர்போன் துளை இரண்டு இருந்தது. கூடவே ஆரஞ்சு நிறத்தில் ‘ஹாட்லைன்’ என்றொரு பொத்தான். அதை அமுக்கினால் பாட்டு தாழும். பெட்டியிலுள்ள மைக் வழியாக ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழும். விட்டதும் பாட்டு பழையபடி எழும். இதைப் படித்தபோது சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். போனின் பாவம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்தக் குனிதல், பாட்டுக்கு மட்டுமே என்று உலகம் கொண்டாடிய முதல் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதற்குக் காரணம் அகியோ மோரிட்டா. சோதனைப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் கேட்டுக்கொண்டிருந்தபோது, தன்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டதுபோல் அவருடைய மனைவி வருந்தினாராம். 1986-இல் வந்த தன் நூலில் மோரிட்டாவே எழுதியிருக்கிறார். ஒருவர் மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பது மரியாதைக் குறைவு என்று அவருக்குப் பட்டது. அதனால்தான் இரண்டு துளை, அதனால்தான் பொத்தான். வாங்கியவர்களுக்கோ அந்தக் கூச்சம் எதுவும் இல்லை. ஆளுக்கொரு பெட்டி வேண்டும் என்றார்கள். பின்னால் வந்த மாடல்களில் ஆரஞ்சுப் பொத்தான் காணாமல்போனது. அந்தப் பொத்தானைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். அங்கே பாட்டு குனிந்தது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காக. குனியச் சொன்னது கேட்பவருடைய விரல். என் போனில் பக்கத்தில் இருப்பவரைத் தவிர மற்ற எல்லாருக்காகவும் பாட்டு குனிகிறது. என் மனைவி கூப்பிட்டால் மட்டும் அது குனிவதில்லை. அவள் மூன்றாவது முறை கூப்பிட்டுவிட்டுத் தோளைத் தொட வேண்டியிருக்கிறது.

பிறகு நடந்ததெல்லாம் தெரிந்த கதை. 2001 அக்டோபரில் ஐபாட். ஆயிரம் பாட்டு சட்டைப்பையில். 2007 ஜனவரியில் ஐபாட், போன், இணையம் மூன்றும் ஒரே பொருள் என்று மேடையில் சொன்னபோது கை தட்டினார்கள். விழுங்கப்பட்டது எது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. 2022 மே மாதம் கடைசி ஐபாடையும் நிறுத்தினார்கள். இப்போது தனி பிளேயர் செய்பவர்களில் பலர் சீனத்துச் சிறு நிறுவனங்கள். வாங்குபவர்கள் என்னைப்போன்ற ஆட்கள்.

தினமும் காலையில் மதுரையிலிருந்து விருதுநகருக்கு ரயில். பிளேயர் வாங்கிய புதிதில் போனைச் சத்தமில்லாமல் ஆக்கிச் சாப்பாட்டுப் பைக்குள், தயிர்ச்சாத டப்பாவுக்கு அடியில் போட்டுவிடுவேன். திருப்பரங்குன்றம் மலை ஜன்னலில் வந்து திரும்பும்போது முதல் பாட்டு. திருமங்கலத்தில் ஏறுகிற கூட்டத்தில் ஒரு முழங்கை என் விலாவில் இடிக்கும், பாட்டு அசையாது. ஒருநாள் கள்ளிக்குடி தாண்டியதும் நான் அடுக்கிவைத்திருந்த வரிசை முடிந்துவிட்டது. அடுத்ததை எடுக்கவில்லை. காதில் பஞ்சு வைத்ததுபோல இயர்போன் அப்படியே இருக்க, அதன் வெளியே சக்கரங்களும் தண்டவாள இணைப்பும் தூரத்திலிருந்து தட்டுவதுபோலக் கேட்டன. ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடு. முடிந்த பாட்டின் வயலின் வெகுநேரம் அங்கேயே நின்றது. சாத்தூரில் பொத்தான் ‘டக்’ என்று எழும்பிய பிறகு அறையில் உட்கார்ந்திருந்ததே, அதை முப்பத்தைந்து வருடம் கழித்துத் தொட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தோடு விருதுநகரில் இறங்கி, டீ குடித்து, நிதானமாகப் பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்தேன். வீட்டிலிருந்து ஒன்பது அழைப்புகள். அம்மா குளியலறைப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியிருந்தது. மனைவி பக்கத்து வீட்டுப் பையனை எழுப்பி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், எக்ஸ்ரே எடுத்து, மாவுக்கட்டுப் போட உட்காரவைத்திருந்தாள். நான் பேசியபோது அவள் குரலில் கோபமில்லை. “பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டதுபோல இருந்தது. ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. டவர் இல்லை என்றேன்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அவள் எப்படிப் பாட்டுக் கேட்கிறாள் என்று பார்க்கத் தொடங்கினேன். போன் சமையல் மேடையில், உளுந்து டப்பாவில் சாய்ந்து நிற்கும். ஸ்பீக்கரில் பாட்டு. மூன்றாவது விசில், பால்காரர், அம்மாவின் மாத்திரை, கொரியர், அவள் தங்கை, என் தங்கை, மகள் கல்லூரியிலிருந்து. ஒவ்வொன்றுக்கும் பாட்டு குனியும் அல்லது நிற்கும். திரும்பி வரும்போது எங்கே விட்டது என்று அவள் பார்ப்பதில்லை. ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டேன். “எந்தப் பாட்டு?” என்றாள். கேள்வியே புரியவில்லை. அம்மாவின் கதை வேறு. அவளுக்கு நாங்கள் வாங்கிக்கொடுத்த கேரவான் பெட்டியில் ஐயாயிரம் பழைய பாட்டுகள் உண்டு. பார்க்க அந்தக் காலத்து ரேடியோபோல இருக்கும். ஆளுக்கொரு போன் வைத்திருக்கும் வீட்டில் பாட்டுக்கு மட்டும் என்று தனிப்பெட்டி வைத்துக்கொள்ள எண்பது வயது ஆக வேண்டியிருக்கிறது. யாரும் எதற்கும் கூப்பிடாத வயது. அவள் ஒருநாளும் பாட்டை மாற்றியதில்லை. “வர்றது வரட்டும்” என்பாள். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, பிடிக்காத பாட்டையும் பிடித்த பாட்டையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். ஆக எங்கள் வீட்டில், யாரும் தேடாதவளுக்கு ஒரு பெட்டி, தேடினால் கிடைக்காமல் இருக்க முடிந்தவனுக்கு ஒரு பெட்டி. நடுவில் இருப்பவளுக்குப் போன். ரயிலில் நான் தொட்டதாக நினைத்த அந்த மௌனத்துக்கு வாடகை யார் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது கணக்குப் போடக் கஷ்டமான விஷயமில்லை. கணக்கைப் போடாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பிளேயரைக் கொஞ்ச நாள் மேஜை இழுப்பறையில் போட்டுவைத்தேன். போனில் கேட்டேன். குழல் குனிந்தது. இப்போது அதன்மேல் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இழுப்பறையில் தைலம் தேடியவள் பிளேயரை எடுத்து வந்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுல யாரும் கூப்பிட முடியாதுல்ல?” முடியாது என்றேன். பாட்டு போடும் விதத்தைக் காட்டினேன். திருகைத் திருகிப் பார்த்து, ‘க்ளிக்’ விரலில் பட்டதும் இன்னொரு முறை திருகினாள். வற்றல் காயப்போட மொட்டைமாடிக்குப் போக வேண்டியிருந்தது. தன் போனை என் முன்னால் வைத்தாள். “ஏங்க, இதக் கொஞ்சம் பாத்துக்கோங்க” என்று, குழந்தையை விட்டுப்போவதுபோல் சொல்லிவிட்டு, ஒரு கையில் கூழ் வாளியும் காதில் ஒயருமாகப் படியேறினாள். ஐந்து நிமிடம் போன் சும்மா இருந்தது. அப்புறம் ஆரம்பித்தது. சிலிண்டர்காரர் ஓடிபி கேட்டார். எந்தச் செய்தியில் இருக்கிறது என்று தெரியாமல் நான் திணறியபோது, “அக்காட்ட குடுங்க சார், அவங்களுக்குத் தெரியும்” என்றார். சீட்டுப் பணம் பற்றி ஒரு பெண்மணி. பிசியோதெரபிக்கு நாளைக்கு வரலாமா, மறுநாளா? மகளிடமிருந்து ‘அம்மா பிஸியா’ என்று ஒரு செய்தி, அதற்குக் கீழே மூன்று கேள்விக்குறி. என் தங்கை அழைத்து, நான் எடுத்ததும் “நீயா?” என்று ஏமாந்தாள். நாற்பது நிமிடத்தில் பதினோரு தடவை அது என்னைக் கூப்பிட்டது. மாடியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கூழ் பிழிகிற சத்தம்கூட இல்லை. கடைசியாக அவளுடைய தங்கை.

“மாமாவா? அக்கா எங்க மாமா?”

“மாடில இருக்கா.”

“வத்தலா? போனக் கொண்டுபோய்க் குடுங்களேன், ஒரு நிமிஷம்தான்.”

“இல்லம்மா, பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கா.”

அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. அவர்கள் வீட்டு மிக்ஸி ஓடி நின்றது.

“பாட்டா?” என்றாள்.